எலும்பை உருக்குவது எது?

(மேடவாக்கத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

காசநோயால் தாயை இழந்த பிள்ளைகள், அவர் நினைவாக ஆண்டுக்கு ஒருமுறை இந்த ஊர் மக்களுக்குப் பயன்படும்படி ஒரு பேச்சு நடக்கவேண்டும் என்று விரும்பி இந்த அறக்கட்டளையை ஏற்படுத்தியிருக்கிறார்கள். அவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் முதல் நன்றி. நெஞ்சுநோய் மருத்துவராக இந்தப் பக்கத்திலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவள் என்பதால் என்னை அழைத்திருக்கிறார்கள். நோயாளிகள் என்னிடம் கேட்ட ஒரு கேள்விக்கு இன்று முழுமையாகப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

மேடவாக்கம் கூட்ரோட்டில் பஸ் ஏறினால் சந்தோஷபுரம், கௌரிவாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் தாண்டிக் கிழக்குத் தாம்பரம். அங்கிருந்து கடற்கரை ரயிலில் அடுத்த ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். ‘சானடோரியத்துல எறங்கிக்கோ’ என்று தினமும் ஆயிரம் பேர் செல்போனில் சொல்கிறார்கள். அது என்ன சொல் என்று கேட்டால் ‘ஏரியா பேரு’ என்பார்கள். மருந்து இல்லாத காலத்தில் காசநோயாளிகளை ஊருக்கு வெளியே தங்கவைத்து, நல்ல காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு கொடுத்துப் பார்த்துக்கொண்ட இடத்துக்கு அந்தப் பெயர். டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரி முத்து இங்கிலாந்தில் அப்படி ஒரு இல்லம் நடத்திவிட்டு வந்து, 1928இல் இங்கே 12 படுக்கைகளோடு ஒன்றைத் தொடங்கினார். 1937இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அதுதான். மருத்துவமனையின் பெயர் ஸ்டேஷனுக்கு வந்தது. ஸ்டேஷனின் பெயர் ஊருக்கு வந்தது. நோய் மட்டும் நம் நினைவிலிருந்து போய்விட்டது.

இந்த நோய்க்கு நம்முடைய பழைய பெயர்களைக் கவனியுங்கள். காசம் என்றால் இருமல். க்ஷயம் என்றால் தேய்வு. அதைத்தான் சயரோகம் என்றார்கள். மூன்றாவது பெயர் எலும்புருக்கி. வெள்ளைக்காரர்களும் ஒருகாலத்தில், ஆளைத் தின்று தீர்ப்பது என்ற பொருளில்தான் இதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். நோயின் காரணம் யாருக்கும் தெரியாது, கண்ணுக்குத் தெரிந்ததைப் பெயராக்கினார்கள். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அந்த நாளைத்தான் உலகக் காசநோய் நாளாக அனுசரிக்கிறோம்.

கிருமியைக் கண்டுபிடித்ததும் கேள்வி தீர்ந்துவிட்டது என்றுதான் தோன்றும். கூட்ரோட்டில் பூ விற்ற ஒரு அம்மா எனக்கு அது தீரவில்லை என்று காட்டினார். சளியில் கிருமி இருப்பதைச் சொல்லி மாத்திரை எழுதிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டார்: “டாக்டரம்மா, நெஞ்சுக்குள்ள இருக்கிற பூச்சிக்கு மணி பாக்கத் தெரியுமா? டாண்ணு அஞ்சு மணிக்குக் காய்ச்சல் வருது. விடியக்காலைல ரவிக்கையெல்லாம் தொப்பலா நனையுது. பூச்சி நெஞ்சுலதானே இருக்கு, அப்புறம் கை ஏன் இளைக்குது?”

கையை நீட்டிக் காட்டினார். கண்ணாடி வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. சங்கக் கவிதையில் தலைவிக்கு வளை நெகிழ்ந்தால் தலைவன் பிரிவு காரணம் என்று பள்ளியில் படித்தோம். இந்த அம்மாவுக்கு நெகிழ்ந்ததன் காரணத்தை நான் அன்று இரண்டு வரியில் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அந்தக் கேள்விக்கு அது போதாது என்று எனக்கே தெரியும். அந்தக் கடனை இன்று இங்கே அடைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். காசநோய்க் கிருமியிடம் நம்மை இப்படி உருக்குகிற நஞ்சு கிடையாது. காலராக் கிருமி ஒரு நச்சைச் சுரக்கிறது, சில மணி நேரத்தில் உடம்பின் தண்ணீர் வடிந்துபோகிறது. தொண்டை அடைப்பான், ரணஜன்னி இரண்டிலும் அப்படியே. கிருமி ஓரிடத்தில் இருக்கும், அதன் நஞ்சு உடம்பெங்கும் ஓடும். காசநோய்க் கிருமியிடம் அப்படி ஓடிப்போய்த் தாக்கும் நஞ்சு இல்லை. அவசரமும் இல்லை. நம் குடலில் இருக்கும் சாதாரணக் கிருமி ஒன்று வாய்ப்பான இடத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். இது இரண்டாவதற்குச் சுமார் 20 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. மெழுகு பூசினதுபோல் தடித்த கொழுப்புச் சுவர் ஒன்று இதைச் சுற்றி இருக்கிறது. மற்ற கிருமிகளைக் கொல்லும் பல ஆயுதங்கள் அந்தச் சுவரில் வழுக்கிவிடும்.

நோயாளி இருமும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகளில் கிருமி காற்றில் மிதக்கிறது. காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். அதை இன்னொருவர் மூச்சில் இழுத்தால், நுரையீரலின் கடைசிக் காற்றுப்பைவரை அது போய்ச் சேர்கிறது. அங்கே காவலுக்கு இருக்கும் விழுங்கு செல்கள் அதை விழுங்குகின்றன. விழுங்கியதைச் செரித்துக் கொல்வதுதான் அந்தச் செல்களின் தொழில். இந்தக் கிருமி செரிமானத்தைத் தடுத்துவிட்டு, தன்னை விழுங்கிய செல்லுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறது. உடம்பு என்ன செய்யும்? கொல்ல முடியாததைச் சுற்றிச் சுவர் எழுப்பும். மேலும் மேலும் செல்கள் வந்து அடுக்கடுக்காகச் சூழ்ந்து ஒரு முடிச்சாகின்றன. உலக மக்களில் சுமார் கால்வாசிப் பேருக்குக் காசநோய்த் தொற்று ஏற்பட்டிருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். அவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது அது நோயாகிறது. மற்றவர்களுக்கு அந்தச் சுவர் கடைசிவரை நிற்கிறது. இந்த அரங்கில் இருப்பவர்களில் பலருக்குள்ளும் அப்படிப்பட்ட முடிச்சுகள் இருக்கலாம், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சுவர் எப்போது இடிகிறது? பட்டினி, சர்க்கரை நோய், எச்.ஐ.வி., புகை, குடி, முதுமை இவற்றால் உடம்பின் காவல் தளரும்போது. நம் புறநகரில் வீட்டுக்கு வீடு இருக்கும் சர்க்கரை நோய், காசநோய் வரும் வாய்ப்பை இரண்டு மூன்று மடங்காக்குகிறது. பிறகு நடப்பதுதான் இன்றைய பேச்சின் மையம். கிருமி பெருகுகிறது, உடம்பு தன்னிடம் உள்ளதையெல்லாம் திரட்டிப் போர் தொடுக்கிறது. காய்ச்சல், வியர்வை, மெலிவு, இருமல், ரத்தம் என்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி அந்தப் போரின் நெருப்பு. கிருமி நேரடியாகச் செய்வது அதில் கொஞ்சம்தான்.

அஞ்சு மணிக் காய்ச்சலுக்கு வருவோம். கிருமியோடு மல்லுக்கட்டும் செல்கள் சில தூதுப் பொருள்களை ரத்தத்தில் விடுகின்றன. அவற்றில் முக்கியமான ஒன்றின் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: டி.என்.எஃப். இவை மூளையில் ஹைபோதலாமஸ் என்ற இடத்துக்குப் போய், அங்கே புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருளைச் சுரக்கவைக்கின்றன. ஹைபோதலாமஸ்தான் நம் உடம்பின் சூட்டை இவ்வளவு என்று நிர்ணயிக்கிறது. செய்தி வந்ததும் அந்த அளவை உயர்த்தி வைக்கிறது. உடம்பு அதை எட்டிப்பிடிக்கக் குளிர் காட்டுகிறது, நடுங்கவைக்கிறது, போர்த்திக்கொள்ளச் சொல்கிறது. காய்ச்சல் என்பது இதுதான்.

சாயங்காலம் ஏன் என்றால், காய்ச்சல் இல்லாத மனிதருக்கும் உடம்பின் சூடு நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. விடியற்காலையில் மிகக் குறைவாகவும், பிற்பகலுக்கு மேல் மாலையில் மிக அதிகமாகவும் இருக்கும். கார்டிசால் என்ற சுரப்பு இன்னொரு காரணம். உடம்புக்குள் நடக்கும் அழற்சியை அடக்கிவைப்பது அது. காலையில் எழும் வேளையில் நிறையச் சுரந்து, பொழுது சாயச் சாயக் குறைந்து, நடு இரவில் அடிமட்டத்துக்கு வருகிறது. கடிவாளம் தளரும் நேரமும் உடம்பின் இயல்பான சூடு ஏறும் நேரமும் ஒன்றுசேரும்போது, பகலில் தெரியாமல் இருந்த காய்ச்சல் தலைகாட்டுகிறது. கடிகாரம் கிருமியிடம் இல்லை, அந்த அம்மாவின் உடம்பிலேயே இருந்தது.

வியர்வை இதன் மறுபாதி. இரவில் ஒரு கட்டத்தில் ஹைபோதலாமஸ் தன் அளவை மறுபடி இறக்குகிறது. உடம்பு இப்போது தேவைக்கு மேல் சூடாக இருக்கிறது. அதை வெளியேற்ற முக்கிய வழி வியர்ப்பது. கோடைகாலச் சென்னையில் எல்லாருக்கும்தான் வியர்க்கிறது என்று நோயாளிகள் சொல்வார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: மார்கழியில், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் படுத்த ராத்திரியில், தலையணை உறை மாற்ற வேண்டிய அளவுக்கு நனைகிறதா? ஆம் என்றால் நான் ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதற்கு முன்பே எக்ஸ்ரேக்குச் சீட்டு எழுதிவிடுவேன்.

இளைப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஒரு மேஸ்திரி வந்தார். கட்டட வேலை, நல்ல உழைப்பாளி. படுக்கையில் படுக்கச் சொன்னபோது பெல்ட்டைக் கழற்றி வைத்தார். கடையில் வாங்கும்போது இருந்த ஐந்து ஓட்டைகளுக்கு அப்பால், ஆணியை வைத்து அடித்த மூன்று புது ஓட்டைகள். ஒவ்வொன்றும் ஒழுங்கில்லாமல், விளிம்பு பிய்ந்து இருந்தது. ஒவ்வொரு ஓட்டைக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று கேட்டேன். “மாசத்துக்கு ஒண்ணு போட்டேம்மா, சுகர் வந்திருச்சுன்னு நெனச்சேன்” என்றார். மூன்று மாதமாக அந்தப் பெல்ட் பேசிக்கொண்டிருந்திருக்கிறது, கேட்பவர்தான் இல்லை.

1980களில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில், நெடுநாள் தொற்று வந்த விலங்குகள் ஏன் எலும்பும் தோலுமாகின்றன என்று ஆராய்ந்தவர்கள் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். மோசமான உடல்நிலை என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குக் கக்கெக்டின் என்று பெயரிட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, கட்டிகளைக் கரைப்பதாக வேறு ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருந்த டி.என்.எஃப்.பும் அதுவும் ஒன்றே என்று. காய்ச்சலை மூட்டுவதில் பங்குள்ள அதே பொருள், தசையைக் கரைத்து எரிபொருளாக்கச் சொல்கிறது, கொழுப்பை விடுவிக்கச் சொல்கிறது, பசியை அணைக்கிறது. காய்ச்சலும் சும்மா வருவதில்லை, ஒவ்வொரு டிகிரிக்கும் உடம்பு கூடுதலாக எரியவேண்டும். வரவு குறைந்து செலவு கூடினால் குடும்பம் நகையை விற்பதுபோல, உடம்பு தன் சதையை விற்கிறது. எலும்புருக்கி என்று பெயர் வைத்தவர் இந்த ஆய்வு எதையும் பார்க்காமலே உண்மைக்கு மிகப் பக்கத்தில் வந்துவிட்டார்.

சோகையும் சோர்வும் இதே கணக்கில் சேரும். கிருமி வளர இரும்புச்சத்து வேண்டும். உடம்புக்கு அது தெரியும். கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஒன்றைச் சுரந்து, இருக்கும் இரும்பை உள்ளே பூட்டிவைத்து ரத்தத்தில் ஓடவிடாமல் தடுக்கிறது. எதிரிக்குத் தானியம் கிடைக்கக் கூடாது என்று களஞ்சியத்தைப் பூட்டினால் வீட்டிலும் அடுப்பு எரியாது. ரத்தம் வெளிறுகிறது. இரும்பு டானிக் குடித்தும் நிறம் திரும்பவில்லை என்று வரும் நோயாளிகளில் சிலருக்கு இது காரணம்.

மெலிவு வெறும் அடையாளம் இல்லை, அதுவே ஆளைக் கொல்லும். இதைத் தமிழ்நாடு நன்றாகப் புரிந்துகொண்டது. 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானவுடன் ஊழியர் சிலவற்றைப் பார்க்கிறார்: உயரத்துக்கு எடை எவ்வளவு, கால் வீங்கியிருக்கிறதா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. ரத்தப் பரிசோதனை எதற்கும் காத்திருக்க வேண்டாம். இதில் ஆபத்து தெரிந்தவரை வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். ஜார்க்கண்டில் மருத்துவர்கள் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் நம் சேத்துப்பட்டுக் காசநோய் ஆய்வு நிறுவனத்தாரும் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. நோயாளியின் வீட்டாருக்குக் கூடுதல் உணவு கொடுத்தபோது, அவர்களில் புதிதாக நோய் வருவது 39 முதல் 48 சதவீதம் வரை குறைந்தது. அரிசியும் பருப்பும் தடுப்பு மருந்துபோல் வேலை செய்திருக்கின்றன. நோயாளிகளுக்கு அரசு மாதம் 500 ரூபாயாகக் கொடுத்துவந்த ஊட்டச்சத்து உதவித்தொகையை 2024 நவம்பரிலிருந்து 1000 ஆக்கியிருக்கிறது. அது உங்கள் உரிமை, கேட்டு வாங்குங்கள்.

அடுத்து இருமல். முடிச்சின் நடுவில் செல்கள் செத்து, பனீர்போல் வெளுத்த மசிவாகக் கிடக்கும். பல காலம் அது கெட்டியாகவே இருக்கும். கெட்டியாக இருக்கும்வரை கிருமி அதற்குள் பெருகுவது கடினம். போர் மும்முரமாகும்போது, உடம்பின் செல்களே விடும் சில நொதிகள் நுரையீரலைத் தாங்கிநிற்கும் நாரையெல்லாம் அரிக்கின்றன. மசிவு இளகி நீராகிறது, பக்கத்தில் இருக்கும் மூச்சுக்குழாயை உடைத்துக்கொண்டு அதன் வழியே வெளியேறுகிறது. அது போன இடத்தில் ஒரு குழி. எக்ஸ்ரேயை விளக்குப்பெட்டியில் மாட்டினால், நுரையீரலின் மேற்பகுதியில், காறை எலும்புக்குக் கீழே, வெள்ளை விளிம்போடு கறுப்பாக ஒரு வட்டம் தெரியும். மேற்பகுதியில் ஆக்சிஜன் அதிகம், இந்தக் கிருமிக்கு அது பிடிக்கும். குழிக்கு மூச்சுக்குழாய் வழி திறந்தவுடன் வெளிக்காற்றும் வந்து சேர்கிறது. கிருமி கோடிக்கணக்கில் பெருகுகிறது.

மூச்சுக்குழாயில் சளியோ மசிவோ வந்தால் அதை வெளியேற்ற இருமல் வரும், அது உடம்பின் வேலை. இங்கே கிருமிக்கும் ஒரு பங்கு உண்டு. 2020இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தக் கிருமியின் சுவரில் இருக்கும் சல்ஃபோலிப்பிட் என்ற ஒரு கொழுப்பு, வலி உணரும் நரம்புகளை நேரடியாகத் தூண்டிக் கினிப்பன்றிகளை இருமவைப்பதைக் காட்டினார்கள். அந்தக் கொழுப்பு இல்லாத கிருமி கொடுக்கப்பட்ட கினிப்பன்றிகள் இருமவில்லை. இந்தக் கிருமி ஓர் ஆளிலிருந்து இன்னோர் ஆளுக்குப் போக இருமலைவிட நல்ல வண்டி கிடையாது. குழிக்குள் பெருகி, இருமலில் ஏறி, பக்கத்து வீட்டுக்குப் போகிறது.

ரத்தம் வருவதுதான் எல்லாரையும் பயமுறுத்துகிறது. பழைய சினிமாவில் கதாநாயகன் இருமிவிட்டுக் கைக்குட்டையைப் பார்த்தால் கொட்டகையே முடிவைத் தெரிந்துகொள்ளும். சளியில் நூல்போல் வரும் ரத்தம், புண்பட்ட மூச்சுக்குழாயின் சிறு நாளங்களிலிருந்து வருவது. குழியின் சுவரில் ஓடும் ரத்தக்குழாய் அரிபட்டு, பலூன்போல் உப்பி வெடித்தால் அது உயிருக்கு ஆபத்தான பெருக்கு. எந்த அளவாக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும். நெஞ்சுவலி எல்லாருக்கும் வராது, அதற்கும் காரணம் உண்டு. நுரையீரலின் உட்பகுதிக்கு வலி உணரும் நரம்பு அனேகமாக இல்லை. அதன் வெளி உறைக்குத்தான் இருக்கிறது. நோய் உறையைத் தொட்டால்தான் மூச்சு இழுக்கும்போது குத்தும். உள்ளே ஒரு குழி பெரிதாகிக்கொண்டிருக்கும்போதே ‘வலி ஒண்ணும் இல்லையே’ என்று ஒருவர் வேலைக்குப் போவது இதனால்தான்.

இதெல்லாம் உடம்பின் போர் என்று சொன்னேனே, அதற்கு என்ன சான்று என்று யாராவது கேட்கவேண்டும். சான்று பத்து கிலோமீட்டர் தூரத்தில், தாம்பரத்திலேயே இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வில். பல இடங்களில் கதவு மூடப்பட்ட அந்த நோயாளிகளுக்கு 1990களில் தாம்பரம் மருத்துவமனை இடம் கொடுத்தது. அவர்களில் பலருக்குக் காசநோயும் இருந்தது. எச்.ஐ.வி.யால் எதிர்ப்புச் சக்தி அடிமட்டத்துக்குப் போன ஒருவரின் நுரையீரலில் கிருமி நிறைந்திருக்கும். ஆனால் குழி விழுந்திருக்காது, சளியில் கிருமி எளிதில் தட்டுப்படாது, எக்ஸ்ரே சிலசமயம் சாதாரணமாகவே இருக்கும். போரிட ஆள் இல்லாத இடத்தில் போரின் சேதமும் குறைவு. இருந்தாலும் அப்படிப்பட்டவர்தான் சீக்கிரம் இறந்துபோவார். 2004 ஏப்ரலில் இந்தியாவில் எச்.ஐ.வி.க்குக் கூட்டுமருந்து இலவசமாகத் தொடங்கியபோது, முதலில் கொடுத்த எட்டு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. மருந்தால் எதிர்ப்புச் சக்தி திரும்பி வந்த சில வாரங்களில் சிலருக்கு என்ன ஆயிற்று? இல்லாத காய்ச்சல் வந்தது, கழுத்தில் நெறிகட்டிப் பெரிதாக வீங்கியது. கிருமி கூடவில்லை. படை திரும்பி வந்துவிட்டது.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. மூட்டுவாதத்துக்கு டி.என்.எஃப்.பைத் தடுக்கும் ஊசிமருந்து வந்தது. மூட்டு வலி குறைந்தது. அந்த ஊசி போட்டவர்களில் சிலருக்கு உள்ளே அடங்கிக்கிடந்த காசநோய் கிளம்பியதை 2001இல் மருத்துவ உலகம் கவனித்தது. நம்மை உருக்குகிற அதே பொருள்தான் அந்தச் சுவரையும் தாங்கிப்பிடித்திருக்கிறது. அதனால்தான் வெறும் காய்ச்சல் மாத்திரையாலோ இருமல் மருந்தாலோ இந்த நோயை அடக்கிவிட முடியாது. தீயணைப்பு வண்டி எழுப்பும் சத்தத்தை நிறுத்தினால் தீ அணையாது.

அறிகுறிகள் உடம்பின் மொழி என்பதால் அவற்றால் ஏமாறவும் வாய்ப்பிருக்கிறது. கணிதமேதை ராமானுஜன் இங்கிலாந்தில் 1917இல் நோயுற்றபோது, காசநோயென்று கருதி அவரைச் சேர்த்த இடங்களில் ஒன்று, நான் முதலில் சொன்ன சௌரி முத்து மெண்டிப் மலைப்பகுதியில் நடத்திய இல்லம். இரவில் காய்ச்சல், மெலிவு, வலி எல்லாம் இருந்தன. 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில், 32 வயதில் இறந்தார். 1994இல் டி. ஏ. பி. யங் என்ற மருத்துவர் பழைய குறிப்புகளையெல்லாம் ஆராய்ந்து, அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று எழுதினார். அழற்சி எங்கே இருந்தாலும் அதே தூதுப் பொருள்கள்தான் ஓடும், அதே காய்ச்சல்தான் வரும். இன்று நம்மிடம் சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட், ட்ரூநாட் இருக்கின்றன. சில மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா, முக்கிய மருந்துக்கு அடங்குமா என்று சொல்லிவிடும். ஊகத்தில் ஆறு மாத மருந்து சாப்பிடும் நிலையும், ஊகத்தில் சாப்பிடாமல் இருக்கும் நிலையும் யாருக்கும் வேண்டியதில்லை.

இன்னொரு ஏமாற்றம் பெரிது. 2019 முதல் 2021 வரை இந்தியா முழுவதும் நடந்த காசநோய்க் கணக்கெடுப்பில், நோய் உறுதியானவர்களில் 42.6 சதவீதம் பேர் எக்ஸ்ரே எடுத்ததால் மட்டுமே அகப்பட்டார்கள். அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் அவர்கள் தப்பியிருப்பார்கள். அறிகுறி இருந்தவர்களிலும் 64 சதவீதம் பேர் எங்கும் போய்க் காட்டவில்லை. உடம்பு சத்தம் போடாமலும் போரிடும், சத்தம் போட்டாலும் நாம் கேட்பதில்லை. நோயாளியின் வீட்டில் இருப்பவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், ஏற்கெனவே ஒருமுறை காசநோய் வந்தவர்கள் இருமலுக்குக் காத்திருக்காமல் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மருந்து தொடங்கிய பிறகும் அறிகுறி நம்மை ஏமாற்றுகிறது. இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல் நிற்கும், பசி எடுக்கும், இருமல் குறையும். வேகமாகப் பெருகும் கிருமிகள் முதலில் சாகின்றன, போர் தணிகிறது, நெருப்பு அடங்குகிறது. மெல்லப் பெருகும் கிருமிகளும் அரைத்தூக்கத்தில் கிடக்கும் கிருமிகளும் மிச்சமிருக்கின்றன. அவற்றைத் தீர்க்கத்தான் மீதி மாதங்கள். எனக்குத் தெரிந்து மருந்தைப் பாதியில் நிறுத்தியவர்களில் அதிகம் பேர் நலமாக உணர்ந்ததால் நிறுத்தியவர்கள். அந்த மேஸ்திரியும் இரண்டாம் மாதம் நிறுத்தப்பார்த்தார். அவர் மனைவிதான் விடவில்லை. மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். சிறுநீர் சிவந்து போவதைப் பார்த்து முதல் வாரம் பயந்தார்கள். அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம்தான் என்று சொன்னபிறகு, அதையே மாத்திரை உள்ளே போனதற்கு அடையாளமாக வைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் வைத்துப் பார்த்தால் மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளாதா என்று கேட்கிறீர்கள். அதற்கு உலகத்துக்கே பதில் சொன்னது நம் சென்னை. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையத்தில் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், மறுபாதி நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே. இரு பகுதியினருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. 1959இல் முடிவு வெளிவந்தது. நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டு, ஓய்வெடுத்து, அதிக எடை கூடினார்கள். ஆனால் நோயை அடக்கியதில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டிலிருந்த நோயாளிகளின் உறவினர்களுக்குக் கூடுதலாக நோய் வரவும் இல்லை. தொற்று பரவுவதெல்லாம் பெரும்பாலும் நோய் தெரிவதற்கு முந்தைய மாதங்களில்தான் நடந்து முடிந்திருக்கிறது. சரியான மருந்து தொடங்கியபின் அது விரைவில் ஓய்ந்துவிடுகிறது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம். ஆகவே மருந்து சாப்பிடுகிறவருக்குத் தட்டையும் டம்ளரையும் பிரித்து வைக்காதீர்கள். மருந்து தொடங்காமல் இருமிக்கொண்டிருப்பவரைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

பூக்கார அம்மா ஆறு மாதம் முடித்தார். கடைசி முறை வந்தபோது வளையல் மணிக்கட்டில் நின்றது, ஏறவில்லை. எடை ஒன்பது கிலோ கூடியிருந்தார். காய்ச்சலுக்கு மணி பார்க்கத் தெரிந்த கதையை அன்று நிதானமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்ப என் ஒடம்புதான் சண்ட போட்டிருக்கு” என்றார்.

இந்த அரங்கில் இருக்கும் உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் அடுக்குமாடிக்குக் காவல் இருப்பவர், பெரும்பாக்கத்திலிருந்து வந்து உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண், எதிரே கட்டடத்தில் கலவை சுமக்கும் பையன், இவர்களில் யாராவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால், மாலையில் காய்ச்சல் என்று சொன்னால், உடை தொளதொளவென்று ஆகியிருந்தால், வேலையைவிட்டு அனுப்பாதீர்கள். சம்பளத்தோடு அரை நாள் விடுப்புக் கொடுத்து, நீங்களே மேடவாக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். அரசு நிலையங்களில் சளிப் பரிசோதனைக்கும் ஆறு மாத மருந்துக்கும் காசு கிடையாது. வழி தெரியாவிட்டால் 1800 11 6666 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், அதற்கும் கட்டணம் இல்லை.